லிட்டருக்கு இருபது மில்லி

முத்துப்பேச்சியின் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சேத்தூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, "மருந்தடிக்கிற மெஷின் பாக்குற பொம்பளை கடை எது?" என்று கேட்டால், டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே மோவாயால் காட்டுவார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே பவர் ஸ்பிரேயர்கள், களை வெட்டும் மெஷின்கள், கழற்றிய பாகங்கள் மண்ணெண்ணெயில் ஊறும் தட்டுகள். இந்தச் சின்ன இஞ்சின்கள் எல்லாமே பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து குடிப்பவை. ஆயிலுக்கென்று அவற்றில் தனி இடம் இல்லை. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகிற ஆயில்தான் பிஸ்டனை வழுக்க வைக்க வேண்டும். ஆகவே கலவை சரியாக இருந்தால் மெஷின் பத்து வருடம் ஓடும். தப்பினால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

ஊரில் எல்லோரும் ஆயிலை டப்பா மூடியால்தான் அளப்பார்கள். ஒரு மூடி ஊற்றுவார்கள், அப்புறம் மனசு கேட்காமல் கொஞ்சம் போல இன்னொரு மூடி. முத்துப்பேச்சிக்கு அந்தக் 'கொஞ்சம் போல' ஆகாது. "கொஞ்சம்னா எம்புட்டு?" என்று கேட்பாள். கேட்கப்பட்டவர் விரலால் காற்றில் ஏதோ ஓர் உயரத்தைக் காட்டுவார். அவள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய, ஊசி இல்லாத ஐம்பது மில்லி சிரிஞ்சை எடுப்பாள். பாதிப் பெட்ரோல், அதில் அளந்த ஆயில், மூடிக் குலுக்கல், மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். இந்த வரிசை மாறாது. சேத்தூரிலும் தேவதானத்திலும் அவளை டாக்டரம்மா என்று கேலி செய்பவர்கள்கூட, கலவைக்கு அவளிடம்தான் வருவார்கள்.

அவளுடைய அப்பா தேவதானத்தில் பம்புசெட் ஃபிட்டர். அவர் டீசல் இஞ்சினைத் தவிர வேறெதையும் இஞ்சின் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஸ்பிரேயர் இஞ்சினை அவர் கொசு என்பார். கல்யாணம் ஆகி, புருஷன் குருவையா ராணுவத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு எங்கோ பனியில் இருந்த வருடங்களில்தான், பக்கத்துத் தோட்டத்துக்காரர் தூக்கி எறிந்த ஒரு கொசுவை அவள் பிரித்துப் பார்த்தாள். பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் பிறாண்டியது போல நீள நீளக் கோடுகள். யாரோ ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தவளுக்கு ஏனோ அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஆயில் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை இங்கிலீஷ் கூட்டிக் கூட்டி வாசிப்பது அவளுக்கு வழக்கமாயிற்று.

இந்தத் தை மாதம் ஒரு நாள் மொக்கைச்சாமி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

"என்ன சித்தப்பா இது? ஆளைக் கட்டித் தூக்கியாந்த மாதிரி இருக்கு?"

"பிரிச்சுப் பாருட்டி."

அவர் அவளுடைய அப்பாவுக்குப் பங்காளி முறை. இருபத்திரண்டு வருடமாக நத்தமேட்டுக் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்து, குஞ்சு விட்டு, தீனி போட்டு, வலை இழுத்து வருபவர். போன ஐப்பசியில் மடைப் படிக்கட்டில் சறுக்கி விழுந்து இடது தோள்பட்டை பிசகிவிட்டது. இனிமேல் துடுப்புப் போடவோ கழி ஊன்றவோ கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். மகன் திருப்பூருக்குக் கூப்பிடுகிறான். அங்கே பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை தயாராக இருக்கிறது.

"கேட்டுல உக்காந்து வர்ற வண்டி நம்பரை எழுதணுமாம். எனக்கு எழுத்து எங்க வருது? மீன்தான் வரும்" என்றார் மொக்கைச்சாமி.

சாக்கைப் பிரித்தால் உள்ளே படகுக்குப் பின்னால் மாட்டுகிற மோட்டார். எட்டு குதிரைச்சக்தி, நீளமான கழுத்து, அடியில் மூன்று இதழ் விசிறி. தூத்துக்குடியில் யாரோ கரையில் போட்டு வைத்திருந்ததை வாங்கி வந்திருந்தார். துடுப்பைத் தொடாமல் கண்மாயைச் சுற்றி வர அவருக்கு இருந்த ஒரே வழி இதுதான். இது ஓடினால் குத்தகை அவரிடம் இருக்கும். ஓடாவிட்டால் திருப்பூர்.

மோட்டாரின் மேல் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் மிச்சம். பெயர்த் தகடு உப்புக் காற்றில் பொரிந்து, எழுத்து ஒன்றும் தேறவில்லை.

"வித்தவன் என்ன ஆயிலு, எம்புட்டுன்னு சொன்னானா?"

"எல்லாரும் போடுறதைப் போடுங்கன்னான்."

"எல்லாரும்னா யாரு?"

"அதைக் கேக்கலையே. உன் மெஷினுக்கு ஊத்துறதையே ஊத்துட்டி. அதுவும் பெட்ரோல்தான் குடிக்கி, இதுவும் பெட்ரோல்தான் குடிக்கி."

"ஆடும் தண்ணிதான் குடிக்கி, ஆனையும் தண்ணிதான் குடிக்கி. ரெண்டுக்கும் ஒரே செம்புல வைப்பியளா?"

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இத்தனை பழைய மோட்டாருக்குப் புது பிஸ்டன் எங்கேயும் கிடைக்காது. ஒரு தடவை உள்ளே பிறாண்டினால், அப்புறம் பழைய இரும்புக் கடைதான்.

மோட்டாரின் கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. அதில் ஆல்வின் என்ற பெயரும் ஒரு போன் நம்பரும். தூத்துக்குடியில் படகு மோட்டார் பார்க்கிற மெக்கானிக். அவள் அன்றைக்கே கூப்பிட்டாள்.

"என்ன கம்பெனி மோட்டாரு யக்கா?"

"பேரு அழிஞ்சுபோச்சு தம்பி."

"எந்த வருசம்?"

"அதுவுந்தான்."

"கலராவது தெரியுதா?"

"பாதி நீலம், பாதி துரு."

"அப்ப நம்ம ஊரு மோட்டார்தான்" என்று ஆல்வின் சிரித்தான். "டேங்கு ஒண்ணா, ரெண்டா? மண்ணெண்ணெயில ஓடுறதுன்னா கிளப்புறதுக்குன்னு பெட்ரோல் தனியா இருக்கும்."

"ஒண்ணுதான்."

"அப்பப் பெட்ரோல் மோட்டார். கேட்டுக்கோங்க யக்கா. பழசுக்கு ரெண்டு கணக்கு இருக்கு. உள்ள ராடு வந்து கிராங்கைப் பிடிக்கிற இடத்துல வெறும் வளையம் மாதிரி புஷ்ஷுன்னா இருபத்தஞ்சுக்கு ஒண்ணு, லிட்டருக்கு நாப்பது மில்லி. ஊசி பேரிங்குன்னா அம்பதுக்கு ஒண்ணு. லிட்டருக்கு இருபது போதும்."

"எதுக்கு வம்பு, பார்க்காம நாப்பதே ஊத்திட்டா?"

"ஓடும். புகையாக் கக்கும், பிளக்கு அடைக்கும், புகை போற பாதையெல்லாம் கரி பிடிக்கும். ஆயிலு கூடுனா அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும்லா? அதுவும் ஒரு சூடுதான். பாதிப் பேரு பயத்துல ஊத்தியே கெடுக்கானுவ. இன்னொண்ணு யக்கா, உங்க ஊருல பைக்குக்கும் மருந்து மெஷினுக்கும் ஊத்துற டூ-டி ஆயிலை இதுல ஊத்திராதீங்க. அது காத்துல ஆறுற இஞ்சினுக்குள்ளது. இது தண்ணிய இழுத்துக் குளுந்துகிட்டே ஓடுற இஞ்சின். இந்தக் கம்மிச் சூட்டுல அந்த ஆயிலு முழுசா எரியாம, சாம்பலாப் போயி பிளக்குல ஒட்டிக்கிரும். டப்பாவுல டி.சி.டபிள்யூ. த்ரீன்னு போட்டிருக்கும், அதைத் தேடி வாங்குங்க."

"சரி தம்பி. உள்ள புஷ்ஷா, ஊசியா? அதை எப்படிப் பாக்க?"

"பிரிச்சாத் தெரியும்."

"பிரிக்கட்டுமா?"

"பிரிச்சிராதீங்க! அதுக்கு இடையில வைக்கிற கேஸ்கெட் கிடைக்காது."

"பொறவு எப்படித்தான் பாக்க?"

"அதான் யக்கா கஷ்டம்" என்றான் ஆல்வின், நிஜமான அனுதாபத்தோடு.

இரண்டு நாள் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் தோன்றியது. தலைப்பக்கம் பிரித்தால்தானே கேஸ்கெட் பிரச்சினை? கார்ப்பரேட்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கிற தகட்டு வால்வையும் கழற்றினால் கிராங்க் சுற்றுகிற அறை நேராகத் தெரியும். அங்கே இருப்பது வெறும் காகித கேஸ்கெட். அட்டை வாங்கி அவளே வெட்டிக்கொள்வாள். நாலு போல்ட்டுக்கு ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. துருவில் ஒட்டிக்கொண்ட போல்ட்டை அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்துவிடும். சூடு காட்டினாள், எண்ணெய் விட்டாள், காத்திருந்தாள், கால் சுற்று திருப்பினாள், மறுபடி காத்திருந்தாள். கடைசியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மோட்டாரின் உச்சியில் இருக்கிற சுழல் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினாள். ராடின் அடிப்பக்கம் இருட்டிலிருந்து மேலேறி வந்தது. ஓரத்தில் பல்வரிசை போல ஊசிகள், வரிசையாக, வழவழப்பாக.

"ஊசி!" என்று கத்தினாள். டார்ச் வாயிலிருந்து விழுந்து உடைந்தது.

ஆயிலுக்கு அலைந்தது தனிக் கதை. ராஜபாளையத்தில் நாலு கடை ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் பைக் ஆயில்தான். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஆயில் கடை வைத்திருக்கும் யதிராஜனிடம் போனாள். நெற்றியில் திருமண், மூக்கு நுனியில் கண்ணாடி, எந்த டப்பா கேட்டாலும் ஸ்டூல் போட்டு ஏறி அவரே எடுப்பார்.

"டி.சி.டபிள்யூ. த்ரீயா? படகு ஆயிலாச்சே அது. நம்ம ஊர்ல படகு எங்கேம்மா ஓடறது? தேர்தான் ஓடறது."

"தேருக்கு ஆயிலு வேண்டாம் சாமி. படகுக்குத்தான்."

"இதோ பாரு, இதுவும் டூ-டிதான், முதல் தரம். எடுத்துண்டு போயேன்."

அவள் டப்பாவை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தை விரல் வைத்து வாசித்தாள். யதிராஜன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் விரலுக்குப் பின்னாலேயே வாசித்தார். எந்த வரியிலும் அது இல்லை. முப்பது வருடமாக ஆயில் விற்கிறவர், தன் கடை டப்பாவின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன் என்று ஒப்புக்கொண்டார். மதுரைக்கு போன் போட்டார். நாலாம் நாள் இரண்டு டப்பா வந்தது.

பெட்ரோலையும் அவள் சும்மா விடவில்லை. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாயில் பெட்ரோலும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தாள். சற்று நேரத்தில் அடியில் இருந்த தண்ணீர், ஊற்றியதைவிட உயர்ந்து நின்றது. எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்ட உயரம் அது. பழைய காலத்து ரப்பர் குழாய்க்கு இது ஒத்துக்கொள்ளாது, இளகிப் பிசுபிசுத்துவிடும். மோட்டாரின் குழாய், அதன் நடுவில் பெட்ரோலை ஏற்றப் பிசைகிற ரப்பர் குமிழ், இரண்டையும் புதிதாக மாற்றினாள். கலவையை மாதக்கணக்கில் வைக்கக் கூடாது, பத்து நாளைக்கு ஆகிற அளவுதான் கலக்க வேண்டும் என்று மொக்கைச்சாமியிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அவர், "ஏட்டி, நான் என்ன இட்லி மாவா ஆட்டி வைக்கேன்?" என்று சிரித்தார்.

வெகுநாள் ஓடாமல் காய்ந்து கிடந்த மோட்டார் என்பதால் முதல் டேங்குக்கு மட்டும் நாற்பது மில்லிக் கணக்கு. ஆல்வினும் அதையே சொன்னான். அவளே கலந்து, அவளே டேங்கில் ஊற்றி மூடி, கண்மாய்க்குப் போய் படகில் மாட்டிக் கொடுத்தாள். புகை விட்டது, இருமியது, ஓடியது. தண்ணீர் இழுத்து வெளியே பீச்சுகிற சின்னத் துளையிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் பாய்ந்தது. மொக்கைச்சாமி ஒற்றைக் கையால் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு கண்மாயை ஒரு சுற்று சுற்றி வந்தார். தீனி மூட்டையை நடுக் கண்மாய்க்குக் கொண்டுபோக இத்தனை நாள் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. இப்போது யாரும் வேண்டாம்.

அடுத்த டேங்குக்கு ஐம்பதுக்கு ஒன்று. இருபது மில்லி. கேனில் கலந்து கொடுத்துவிட்டாள்.

"பாதியாக் குறைச்சிட்டியே" என்றான் குருவையா. ராணுவத்திலிருந்து வந்தபின் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டியாக இருக்கிறான். "என் காப்பிக்குச் சீனி குறைச்ச மாதிரியில்ல இருக்கு?"

"சீனிக்கு டாக்டர் சொன்னாக. இதுக்கு நான் சொல்லுதேன்."

"ரெண்டு பேருகிட்டயும் அப்பீலு கிடையாதோ?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது. மொக்கைச்சாமி நடுக் கண்மாயிலிருந்து பேசினார். அன்றைக்குப் பெரிய வலை போட்டிருந்தார்கள்.

"பேச்சி, நின்னுபோச்சு."

"எப்படி நின்னுச்சு?"

"நல்லாத்தான் ஓடுச்சு. கால் மணி நேரம் ஓடியிருக்கும். பொறவு முக்குச்சு, திணறுச்சு, நின்னுபோச்சு."

அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "கவுத்தை இழுத்தியளா? சுத்துதா, இறுகியிருக்கா?"

"எனக்கு அதாம்மா தெரியலை. கையில வலு இல்லை. மோட்டார் இறுகியிருக்கோ, என் தோளுதான் இறுகியிருக்கோ."

"இழுக்காதிய. தொடாதிய. இந்தா வாரேன்."

குருவையாவுக்கு அன்றைக்கு இரவு ஷிப்ட் என்பதால் வீட்டில்தான் இருந்தான். பைக்கில் உட்கார்ந்தபோது அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். தேவதானம் ரோட்டில் தென்னந்தோப்புகள் வரிசையாகப் பின்னால் போயின. மலை தெளிவாகத் தெரிந்த நாள். அவள் எதையும் பார்க்கவில்லை. நாற்பதில் நன்றாக ஓடிய மோட்டார், இருபதில் முதல் நாளே நின்றிருக்கிறது. ராடில் ஊசியைப் பார்த்தாள், சரி. கிராங்கின் மேல்பக்கப் பேரிங்கைப் பார்த்தாளா? அது கண்ணுக்குப் படுகிற இடத்தில் இல்லை. அங்கே வெறும் புஷ்ஷாக இருந்தால்? ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் அப்படியே என்று எடுத்துக்கொண்டுவிட்டாளோ? புகைக்குப் பயந்து ஒரு மனுஷனின் பிழைப்பைக் குறைத்து ஊற்றிவிட்டோமோ? பனியன் கம்பெனி வாசலும், அங்கே நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவும் அவளுக்கு வழியெல்லாம் தெரிந்தார்கள்.

வலைக்காரர்கள் தெர்மாகோல் மிதவையில் போய்ப் படகைக் கரைக்கு இழுத்து வந்திருந்தார்கள். மொக்கைச்சாமி படகின் விளிம்பில் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

குறை சொல்ல வலைக்காரன் வல்லரசு இருந்தான். "ஆயிலைக் குறைச்சா எப்படிக்கா ஓடும்? நாங்கெல்லாம் என்னைக்கும் ஒரு மூடி கூடத்தான் ஊத்துவோம்."

"ஏலே, நீ வலையைப் பாரு" என்றான் குருவையா.

அவள் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடு இருந்தது, ஆனால் கை பொறுக்கிற சூடு. "தண்ணி பீச்சுச்சா சித்தப்பா?"

"கடைசி வரைக்கும் பீச்சுச்சு."

பிளக்கைக் கழற்றினாள். உள்ளே அழுத்தம் போய்விட்டால் கயிற்றை இழுப்பது லேசு. இறுகியிருந்தால் இப்போதும் இறுகித்தான் இருக்கும். கயிற்றின் கட்டையைப் பிடித்தாள். இழுக்க மனம் வரவில்லை. ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நீர்க்காகம் மூழ்கி, வேறெங்கோ போய் எழுந்தது. அவள் கயிற்றை ஒரு சாண் இழுத்தாள்.

வந்தது.

இன்னும் ஒரு சாண். அதுவும் வந்தது. முழுக் கயிற்றையும் இழுத்தாள். எங்கும் உரசாமல், வெண்ணெயில் கத்தி போலச் சுற்றி, பிளக்கு ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. அவள் கரைச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பிள்ள? என்னாச்சு?" என்று குருவையா பதறினான்.

"சுத்துது."

"சுத்துனா நல்லதா, கெட்டதா? அதைச் சொல்லு மொதல்ல."

"நல்லது. ரொம்ப ரொம்ப நல்லது."

மொக்கைச்சாமி தோளிலிருந்து கையை எடுத்தார்.

குருவையாவின் செல்போன் டார்ச்சை வாங்கி பிளக்கு ஓட்டை வழியாக உள்ளே அடித்தாள். சிலிண்டரின் சுவர் பளபளவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, கீறல் இல்லை. ஆயில் பற்றாமல் போயிருந்தால் இப்படி இருக்காது. அப்படியென்றால் ஏன் நின்றது? பிளக்கை மூக்கருகே கொண்டுபோனாள். காய்ந்து கிடந்தது. பெட்ரோல் வாடையே இல்லை. ஆயில் குறைந்து நிற்கவில்லை. பெட்ரோலே வந்து சேராமல் நின்றிருக்கிறது. குழாயைப் பிடித்துக்கொண்டே போனாள். நடுவிலிருந்த ரப்பர் குமிழ் உறிஞ்சிப் போட்ட மாம்பழத் தோல் மாதிரி தட்டையாகச் சப்பிக் கிடந்தது. டேங்கைப் பார்த்தாள். அதன் இரண்டு பக்கமும் பல் போன கன்னம் போல உள்ளே ஒட்டியிருந்தன.

மூடியைத் திருகினாள். விசில் அடித்தது போலக் காற்று உள்ளே பாய்ந்தது. 'டொப்'பென்று டேங்கின் பக்கங்கள் வெளியே வந்தன. வல்லரசு ஒரு எட்டு பின்னால் குதித்தான்.

மூடிக்குள் ஒரு பாலிதீன் தாள், நாலாக மடித்து, வாயை இறுக்கி அடைத்து வைத்திருந்தது.

"சித்தப்பா! இது என்னது?"

"பாலிதீன் தாளு."

"தெரியுது. யாரு வச்சது?"

"நான்தான் வச்சேன். நீதானட்டி சொன்ன? கேனு மூடிக்குள்ள தாளு வச்சு இறுக்கி மூடணும், இல்லாட்டிப் பெட்ரோல் பறந்துரும், காத்துல உள்ள ஈரத்தை வேற இழுக்கும்னு."

சொன்னது உண்மைதான். சேத்தூர்ப் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மருந்து மெஷின் கேனின் மூடிக்குள் ஒரு பாலிதீன் தாள் இருக்கும். பாதிப் பேருக்கு அதைப் பழக்கியதே அவள்தான். ஆனால் படகு டேங்கின் மூடியில் காற்றுக்கென்று ஒரு சின்ன வழி உண்டு. பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அதை அடைத்துவிட்டால், மோட்டார் கால் மணி நேரம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு மூச்சு முட்டி நின்றுவிடும். முதல் டேங்கை அவளே ஊற்றி அவளே மூடினாள், தாள் வைக்கவில்லை. அதனால்தான் அன்றைக்கு ஓடியது. நாற்பது, இருபது இரண்டுக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

"நான் சொன்னது மருந்து மெஷின் கேனுக்கு சித்தப்பா!"

"கேனு கேனுதானட்டி!"

"இது கேனு இல்ல, டேங்கு!"

"அதைச் சொன்னியா நீ? இட்லி மாவு கணக்கா மூணு தடவை மத்ததையெல்லாம் சொன்ன. இதை ஒரு தடவை சொன்னியா?"

சொல்லவில்லைதான். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கண்ணீரும் வந்தது. சேறு அப்பிய கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் சேறு. மொக்கைச்சாமி அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கியதில் தோள் வலித்து, "ஆத்தாடி" என்று முனகிக்கொண்டே சிரித்தார்.

அவள் அவசரப்படவில்லை. பெட்ரோல் வராத அந்தக் கடைசி நிமிடத்தில் ஆயிலும் உள்ளே போயிருக்காது. சிரிஞ்சில் ஐந்து மில்லி ஆயிலை எடுத்து பிளக்கு ஓட்டையில் விட்டு, நாலு தடவை கயிற்றை இழுத்து உள்ளே பரவ விட்டாள். பிளக்கைத் துடைத்து மாட்டினாள். தாளை எடுத்துவிட்டு மூடியைத் திருகி, அதன் மேலிருந்த சின்னக் காற்றுத் திருகாணி திறந்தே இருப்பதைப் பார்த்துக்கொண்டு, மொக்கைச்சாமியின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். "இது மூக்கு. கிளம்பும்போது திறக்கணும். கரைக்கு வந்தா மூடணும்."

"மூக்கு. சரி."

ரப்பர் குமிழைப் பிசைந்தாள். கெட்டியாக நிறைந்தது. மூன்றாவது இழுப்பில் மோட்டார் கிளம்பியது. கொஞ்சம் நீலப் புகை, அப்புறம் அதுவும் இல்லை. தண்ணீர் பீச்சியது.

வல்லரசு விடவில்லை. "எதுக்கும் பாதுகாப்புக்கு நாப்பதாவே ஊத்திருவோமேக்கா? கூட இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

அவள் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டாள். கரைக்கு வரும் வழியில் அவளே இதை நூறு தடவை நினைத்தாள். 'நாற்பதே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டால் யாரும் அவளை எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் சிலிண்டர் சுவரை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். மேல்பக்கப் பேரிங் புஷ்ஷாக இருந்து காய்ந்திருந்தால், கயிறு அப்படி வழுக்கிக்கொண்டு வந்திருக்காது. அது இரண்டாவது சாட்சி. இருந்தாலும் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

"இருபதுதான்" என்றாள். "ஒரு சொட்டு கூட வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"கேட்டுக்கிட்டியா? இருபது" என்றார் மொக்கைச்சாமி வல்லரசுவிடம், தானே கண்டுபிடித்தது போல.

வலை இன்னும் தண்ணீரில்தான் கிடந்தது. அவர் படகில் ஏறி உட்கார்ந்து, வலது கையால் கைப்பிடியைத் திருப்பினார். படகு கரையை விட்டு விலகியது. வலைக்காரர்கள் மிதவைகளில் பின்னால் போனார்கள். குருவையா பைக் சாவியைச் சுழற்றியபடி, "போவமா?" என்றான்.

"செத்த நேரம்."

கால் மணி நேரம் தாண்டட்டும் என்று நினைத்தாள். தாண்டியது. இன்னொரு கால் மணி நேரமும் போயிற்று. சத்தம் அக்கரைப் பக்கம் போய், மெலிந்து, திரும்பிப் பெரிதாகி, மறுபடி மெலிந்தது. எங்கேயும் திணறவில்லை. நடுக் கண்மாயில் வலையின் ஒரு முனையைப் படகு இழுக்க, மிதவைக்காரர்கள் கூவிக்கொண்டே மறுமுனையைச் சுற்றினார்கள். வெயிலில் மீன்கள் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது.

பைக்கில் ஏறி உட்காரும்போது அவள் போன் அடித்தது. சித்தப்பாவின் நம்பர்.

"என்ன சித்தப்பா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலைட்டி" என்று மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினார். "ஓடிக்கிட்டுதான் இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ரெண்டு கட்லா மீனு தனியா எடுத்து வச்சிருக்கேன். குருவையா மாப்பிள்ளையை வெறுங்கையோட கூட்டிட்டுப் போயிராத."